நோட்டு வீட்டுக்கு வர வேண்டாம், நாங்களே வருகிறோம்

வேலூர் மாவட்டத்தின் 7 ஒன்றியங்களிலும் உள்ள ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எனக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். மகளிர் குழு சார்பில் எங்கள் ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். அப்படி ஒரு குழு இருப்பதும், அதில் என் பெயர் இருப்பதும் ஒரு ஜூன் மாத சாயங்காலம்தான் எனக்குத் தெரிய வந்தது.

குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் தம்பி வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு நீள நோட்டை நீட்டினான். "அக்கா, இங்க ஒரு கையெழுத்து." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போட்டேன். போட்ட பிறகுதான் மேலே படித்தேன். அன்று காலை 11 மணிக்குக் கூட்டம் நடந்ததாம். குழந்தைத் திருமணம்: இல்லை. பள்ளி இடைநின்ற குழந்தைகள்: இல்லை. குழந்தைத் தொழிலாளர்: இல்லை. காலை 11 மணிக்கு நான் நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் வெட்டிக்கொண்டிருந்தேன். குழுவில் பிள்ளைகள் தரப்பில் இரண்டு பேர் இருக்க வேண்டும் அல்லவா, அந்த இரண்டு பேரின் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே கை. என் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் கறை ஒன்று விழுந்தது. அந்தப் பக்கத்தில் உண்மையானது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"இல்லை" என்று நாங்கள் எழுதிக் கொடுத்த அதே வாரம், ஊரில் ஒரு பெண் பத்தாவது பாஸாகியும் பிளஸ் ஒன் சேராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். (அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன்.) அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறவர். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் பேச்சை ஆரம்பித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆடி கழிந்து ஆவணியில், எல்லை தாண்டி சித்தூர் பக்கம் ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டிக் கூட்டி வந்துவிட்டார்கள். அவளுக்கு 16 வயது. வீட்டு வாசலில் பந்தல் போட்டு விருந்து. மொய் எழுதும் மேசைக்கு முன்னால் குழு உறுப்பினர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். நான்காவது ஆள் நான். 500 ரூபாய் எழுதினேன்.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் உங்களை மட்டும் குறை சொன்னால் இந்த மடலுக்கு அர்த்தம் இல்லை. குழந்தைத் திருமணத்தை முன்னின்று நடத்துகிறவருக்கும் துணை நிற்பவருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தடுக்க வேண்டிய அதிகாரி மாவட்ட சமூக நல அலுவலர். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட்டிருந்தால் கூடப் போதும். எதுவும் செய்யாமல் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

பிறகு ஒரு நாள் அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். அவர் மகளை வெறுத்துத் தள்ளவில்லை. "நான் போயிட்டா இவளுக்கு யாரு? பிளஸ் ஒன்னுக்கு பஸ்ல போகணும், வரணும், கண்டவன் கண்ணுல படணும்" என்றார். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், பேசும்போதும் விரல் நிற்கவில்லை. அப்பா இல்லாத பிள்ளைக்கு, அம்மாவே வைத்து வளர்க்க, மாதம் 4,000 ரூபாய் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப் உதவி இருக்கிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வருவது. கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பீடிக் கூலியில் அவர் வருமானம் அந்தக் கணக்குக்குள்தான் வரும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு விண்ணப்பம் போக வேண்டும், அவ்வளவுதான். இதை நான் சொன்னபோது அவர் கை நின்றது. "இப்படி ஒண்ணு இருக்குன்னு யாரு சொன்னா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய குழு அன்று காலை 11 மணிக்குக் கூடியிருந்தது, நோட்டில்.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்த காலம். எனக்கு 9 வயது. 600 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு நைனா (அப்பா) என்னை ஒரு பீடி ஏஜென்ட் வீட்டில் விட்டுவிட்டார். திண்ணையில் நாங்கள் ஐந்து பிள்ளைகள். பெரியவர்கள் சுற்றித் தரும் பீடிக்கு முனை மடிப்பது எங்கள் வேலை, சின்ன விரலுக்குத்தான் அது சுலபமாக வருமாம். பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கக் கூடாது என்ற சட்டம் 1933-லேயே வந்துவிட்டது. நான் முனை மடித்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது அறுபதுக்கு மேல், எங்கள் திண்ணைப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பிறகு எம்.பி. விஜயகுமார் ஆட்சியராக இருந்த காலத்தில், அடகில் இருந்த பிள்ளைகளை மீட்டுத் தனிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். எங்கள் திண்ணைக்கு ஒருவர் கையில் தாளோடு வந்தார். ஒவ்வொருவராகப் பெயர், வயது, எவ்வளவு அட்வான்ஸ் என்று கேட்டு எழுதினார். ஏஜென்ட் மனைவி, "எல்லாம் சொந்தக்காரப் பசங்க, லீவுக்கு வந்திருக்காங்க" என்றார். தாளோடு வந்தவர் அதையும் எழுதிக்கொண்டு, எங்கள் பெயர்களையும் விடாமல் எழுதிக்கொண்டு போனார். அந்தத் தாளில் பெயர் ஏறியதால்தான் இந்த மடலை என் கையால் எழுதுகிறேன்.

அதனால்தான் நோட்டில் "இல்லை" என்று எழுதுவதை என்னால் சும்மா விட முடியவில்லை.

தலைவர்களே, குழுவின் தலைவர் நாற்காலியில் இருப்பவர் நீங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் இரவோடு இரவாக ஆள் அனுப்புகிறீர்கள், அதை நான் மறுக்கவில்லை. 2021 அக்டோபரில் ஓட்டுக் கேட்டு வந்தபோது எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்று விரல் நுனியில் வைத்திருந்தீர்கள். அந்தக் கணக்கில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறோம். பத்தாவது முடித்தவர்களில் யார் எங்கே சேர்ந்தார்கள்? செங்கல் சூளைக்கு, மரம் வெட்டக் குடும்பத்தோடு போனவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில்? அப்பாவோ அம்மாவோ இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு உதவிப் பணம் வருகிறது? பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டமும் 2025 செப்டம்பரில் வந்திருக்கிறது. யாராவது பட்டியல் எடுத்தார்களா? அங்கன்வாடி டீச்சருக்கும் கிராம செவிலியருக்கும் பாதி விடை தெரியும். கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்னொன்று, இது கொஞ்சம் கசப்பானது. பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்துகொண்டால் மரத்தடியில் உட்கார்ந்து "பேசி முடிக்கும்" பழக்கம் இன்னும் போகவில்லை. அபராதம் கட்டு, காலில் விழு, ஊரை விட்டுப் போ என்று முடித்து வைக்கிறோம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம், 6 மாதம் வரை சிறை. பஞ்சாயத்து பேசியவர் தலைவராக இருந்தாலும் அதேதான். அதே நேரம் கிராம சபையில் மைக்கில் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள், அதற்கும் சட்டம் உண்டு. எண்ணிக்கை மட்டும் சொன்னால் போதும்: இந்த மூன்று மாதத்தில் இத்தனை பேர் பள்ளிக்குத் திரும்பினார்கள், இத்தனை விண்ணப்பம் போயிருக்கிறது, இத்தனைக்குப் பதில் வரவில்லை என்று. ஜனவரி 26 முதல் நவம்பர் 1 வரை வருஷத்துக்கு 6 கிராம சபை. தண்ணீர், ரோடு, சாக்கடைக்கு நடுவே ஐந்து நிமிடம்.

வேலூர் மாநகராட்சியின் 60 வார்டு கவுன்சிலர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்கள் வார்டு நிலைமை எனக்குத் தெரியாது, அங்கிருக்கும் பெண்கள் எழுதட்டும்.

அடுத்த முறை அந்தத் தம்பி நோட்டோடு வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். அவன் மேல் கோபம் இல்லை, அவனுக்கு டீ கொடுத்துத்தான் அனுப்புவேன். எங்கள் மகளிர் குழுவில் மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தைச் சாயங்காலம் 5 மணிக்கு மேல் வையுங்கள். ஏரி வேலையும் பள்ளிக்கூடமும் முடிந்திருக்கும், பிள்ளைகள் இரண்டு பேரும் அவரவர் கையெழுத்தை அவரவரே போடலாம். இ-சேவை மையத்துத் திண்ணையே போதும். பாய் நாங்கள் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர் ஒருவர்,
குடியாத்தம் வட்டம்