முட்டம் கடல்ல எங்க பாய் சிக்கினப்போ வந்து நின்ன வள்ளத்து அண்ணன்மாருக்கு

போன ஜனவரில முட்டத்துக்கு நேரா கடல்ல ஒரு வெள்ளைப் படகு பாய் படபடன்னு அடிச்சிட்டு கோணலும் மாணலுமா போயிட்டு இருந்ததே, பாத்தவங்க வெள்ளைக்காரன் யாரோன்னு நெனச்சிருப்பீங்க, அது நாங்கதான். நான் நாகர்கோவில்காரன். சின்ன வயசுல கடல்ன்னா சொத்தவிளை பீச்சுல கால் நனைச்சதோட சரி, பாய் விட கத்துக்கிட்டதே வேலைக்கு மெட்ராஸ் போன பொறவுதான். செகண்ட் ஹேண்டுல வாங்கின 31 அடி படகை தூத்துக்குடில இருந்து கொச்சிக்கு கொண்டு போயிட்டு இருந்தோம், நானும் வீட்டுக்காரியும் மச்சானும்.

தப்பு என்மேலதான், அத முதல்ல சொல்லிடுறேன். எங்க முன்பாய் கடை ஷட்டர் மாதிரி சுருளும். அடியில ஒரு டிரம் இருக்கு, ஃபர்லர்ன்னு சொல்லுவாங்க. பாய் விரியும்போது அதைச் சுருக்குற கயிறு தானா அந்த டிரம்முல சுத்திக்கும், அப்போ நாம கயித்த லேசா இழுத்துப் புடிச்சிட்டே விடணும், இல்லன்னா சுத்து தொளதொளன்னு விழும். கன்னியாகுமரி பக்கத்துல இருக்க சின்னமுட்டத்துல விடியக்காலம் காத்தே இல்ல, நான் ஒரு கையில சாயாவ வச்சிக்கிட்டு கயித்த அப்படியே விட்டுட்டேன்.

பத்தரை மணிக்கு ஆரல்வாய்மொழி கணவாய் பக்கமிருந்து காத்து வந்துச்சு பாருங்க. மீட்டர் 28 நாட் காட்டுச்சு, அதாவது மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல. பாயைச் சுருக்கலாம்ன்னு இழுத்தா பாதி சுருண்டு நின்னுபோச்சு. மடையன் நான், வின்ச்சுல, அதான் கயிறு இழுக்குற உருளையில, போட்டு முறுக்கினேன். இன்னும் இறுகிட்டு. இஞ்சின் போட்டு கரைக்குத் திருப்பினா பாய் அடிக்கிற அடில பாய்மரமே ஆடுது, அதனால காத்துக்கு முதுகு காட்டி ஓடுறதத் தவிர வழி இல்ல, ஆனா வடகிழக்குக் காத்துல முதுகு காட்டி ஓடினா நேரே நடுக்கடல்தான், அந்தப் பக்கம் மாலத்தீவுதான் இருக்கு. முட்டம் லைட்ஹவுஸ் சின்னதாயிட்டே போகுது. கோஸ்ட் கார்டு நம்பர் 1554க்கு போன் போடவான்னு வீட்டுக்காரி கேக்கும்போதுதான் உங்க வள்ளம் பக்கத்துல வந்துது.

நீங்க மூணு பேரு. மீன் புடிச்சு கரைக்குத் திரும்பிட்டு இருந்தவங்க, வீட்டுக்குப் போற நேரத்துல எங்க பின்னால மண்ணெண்ணெய எரிச்சிட்டு வந்தீங்க. கட்டம்போட்ட கைலி அண்ணன் எங்க படகுக்கு எப்படித் தாவினாருன்னு இன்னும் எனக்கு மனசிலாவல, அந்த அலையில நான் கம்பியப் புடிச்சிட்டு நிக்கவே பாடுபட்டேன். வந்ததும் டிரம்மப் பாத்தாரு, “லேய் மக்கா, இழுக்காத, கயிறு கடிச்சிட்டு. முதல்ல விடு” அப்படின்னாரு. நான் கத்திய எடுத்தேன், கையத் தட்டிவிட்டுட்டாரு (சரியான அடி அண்ணே, அது வேண்டியதுதான்). அறுத்திருந்தா சுருண்ட பாதியும் விரிஞ்சிருக்கும்.

மச்சான காத்துக்கு நேரா முதுகு காட்டி ஓட்டச் சொல்லி, பெரிய பாயோட மறைவுல முன்பாய கொண்டு வந்ததும் அது தொங்கிப்போச்சு, கயித்துல இருந்த பாரம் எறங்கிச்சு. அப்புறம் அணியத்துல, அதான் படகு முன்பக்கத்துல, குப்புறப் படுத்து, இடுப்புல செருகியிருந்த வலை முடியுற ஊசிய எடுத்து, ரெண்டு சுத்துக்கு நடுவுல பொதைஞ்சு கெடந்த அந்த ஒரு சுத்த நெம்பி நெம்பி எடுத்தாரு, மூக்குல வாயில உப்புவெள்ளம் அடிக்குது, மனுசன் கண்ண எடுக்கல. பத்து நிமிசம் இருக்கும். ‘டப்’புன்னு ஒரு சத்தம். பைய கையாலயே இழுங்கன்னாரு, வின்ச்சத் தொடவே விடல, முழுசும் சுருண்டுட்டு. மேல ரெண்டு கட்டும் போட்டுத் தந்தாரு.

பொறவு கடியபட்டணம் பக்கத்து பாறைகளுக்கு வெளியாலயே எங்கள விலக்கிக் கூட்டிட்டு கொளச்சல் வரை முன்னால போனீங்க. மண்ணெண்ணெய் காசாவது வாங்குங்கன்னு எவ்வளவோ கேட்டேன். பேரு கேட்டதுக்கும் “என்னத்துக்கு”ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டீங்க, அதான் இப்படி எல்லாரும் பாக்கிற மாதிரி எழுதவேண்டி வந்துட்டு.

கொளச்சல்ல மரச்சீனிக் கிழங்கும் நெத்தோலிக் கறியும் கொண்டு வந்து தந்த அக்காவுக்கும் நன்றி, வீட்டுக்காரி அன்னைக்கு அழுதது பயத்துல இல்ல, அந்தக் கறி எரிவுலன்னு சொல்லச் சொன்னா. டிரம்முக்குக் கயிறு நேரா போகாம சரிஞ்சு போகுதுன்னு கரையில நின்னே கண்டுபுடிச்ச தாத்தாவுக்கும் நன்றி, கப்பிய மாத்திட்டோம் தாத்தா, இப்போ சுத்து ஒழுங்கா விழுது.

அண்ணே, உங்க வலை ஊசி எங்க படகுலயே கெடக்கு. பச்சைக் கலரு, முனை கொஞ்சம் ஒடஞ்சது. பங்குனில ஊருக்கு வருவேன், முட்டம் துறையில வந்து கேக்கேன், அப்பவாவது பேரச் சொல்லுங்க.