‘கேண்டிடா வளர்ந்துள்ளது’ என்பதோடு ரிப்போர்ட் முடியக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவமனைத் தொற்றுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை பாக்டீரியாக்களைப் பற்றி விரிவாகவே பேசியது. ஐசியு நோயாளிகளின் ரத்தத்தில் கலக்கும் ஈஸ்ட் பூஞ்சைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) ஈஸ்ட் வந்தால், எந்த இனம் என்று சொல்லாமல் ‘கேண்டிடா வளர்ந்துள்ளது’ என்று மட்டும் எழுதி அனுப்பும் ஆய்வகங்கள் இன்னும் இருக்கின்றன. அதை வைத்து டாக்டர் எந்த மருந்தைத் தொடர்வார்? கேண்டிடா என்பது அல்பிகன்ஸ், க்ரூசி, ஆரிஸ் எனப் பல இனங்கள் கொண்ட ஈஸ்ட் வகை. அல்பிகன்ஸ் என்றால் பெரும்பாலும் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துக்கு அடங்கும். க்ரூசிக்கு அந்த மருந்து இயல்பிலேயே வேலை செய்யாது. ஆரிஸும் பெரும்பாலும் அடங்காது.

இதைப் பிரித்துச் சொல்ல விலையுயர்ந்த இயந்திரம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஈஸ்ட் செல் குழல் விடுகிறதா என்று பார்க்கும் ஜெர்ம் டியூப் டெஸ்ட்டுக்குக் கொஞ்சம் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்), 37 டிகிரி இன்குபேட்டர், மைக்ராஸ்கோப் போதும். இரண்டு மூன்று மணி நேரத்தில், அடியில் இடுங்காத குழல் ஒன்று செல்லிலிருந்து நீண்டிருந்தால் அல்பிகன்ஸ் என்று கொள்ளலாம். (டப்ளினியென்சிஸ் என்ற இனமும் அப்படிக் காட்டும்.) மூன்று மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால் ட்ராபிகாலிஸ் என்ற இன்னொரு இனமும் இழை விட்டு ஏமாற்றிவிடும், கவனம் வேண்டும்.

ஆனால் நம் நாட்டில் இந்த ஒரு டெஸ்ட்டோடு நிறுத்த முடியாது. இந்தியாவின் 27 ஐசியுக்களில் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில் முதலிடம் பிடித்தது ட்ராபிகாலிஸ்தான், அல்பிகன்ஸ் அல்ல. அதனால் ‘ஜெர்ம் டியூப் நெகட்டிவ்’ என்ற பதில்தான் நமக்கு அடிக்கடி வரும். அப்புறம் என்ன என்பதற்குத்தான், இனத்துக்கேற்ப நிறம் காட்டும் வளர்ப்பு ஊடகமான க்ரோம் அகார் பிளேட். இரண்டு நாளில் அல்பிகன்ஸ் பச்சையாகவும் ட்ராபிகாலிஸ் நீலமாகவும் க்ரூசி சொரசொரப்பான இளஞ்சிவப்பாகவும் தெரியும். பிளேட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இனம் கலந்திருந்தாலும் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கல் ஆரிஸில்தான். 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட இந்த இனம், வழக்கமான க்ரோம் அகாரில் வெள்ளையாகவோ வெளிர் இளஞ்சிவப்பாகவோ வந்து வேறு இனங்களோடு குழம்பும். பல ஆய்வகங்களில் உள்ள தானியங்கிக் கருவிகளின் பழைய தரவுத்தொகுப்புகள் இதை ஹேமுலோனி என்ற வேறு இனமாகத் தவறாகச் சொன்னதுண்டு. ‘ஹேமுலோனி’ என்று பதில் வந்தால் நம்பிவிடாமல், 42 டிகிரியில் வளர்கிறதா என்று பார்க்கலாம். வளர்ந்தால் சந்தேகம் வலுக்கும். உறுதி செய்ய மால்டி-டாஃப் என்ற இயந்திரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வளர்ந்த பூஞ்சை கையில் இருந்தால், அந்த இயந்திரம் சில நிமிடங்களில் புரத அமைப்பை வைத்துப் பெயர் சொல்லிவிடும், தரவுத்தொகுப்பு மட்டும் புதியதாக இருக்க வேண்டும். ஆரிஸ் கட்டில் கம்பியிலும் கருவிகளிலும் வாரக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கிடக்கும். பெயர் தாமதமானால் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இதை மிக அவசர கவனம் தேவைப்படும் பூஞ்சைகளின் பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை.

மாவட்ட மருத்துவமனை ஆய்வகங்களுக்கு க்ரோம் அகார் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். சந்தேகமான ஈஸ்ட்டை எந்த மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவது, எத்தனை நாளில் பதில் வரும் என்பதைச் சுகாதாரத் துறை எழுத்தில் தர வேண்டும். ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலிருந்து போட்ட கிராம் ஸ்லைடில் (சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கண்ணாடித் தகட்டில்) ஈஸ்ட் தெரிந்த உடனே, இனம் தெரியும்வரை காத்திருக்காமல், வார்டுக்குப் போன் செய்வதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர் ஒருவர்,
மதுரை.