அந்தக் கை டிஸ்னியின் கை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நகரத்து உறவினன் வீட்டுக்குப் போய்ப் பட்டு அறிந்து திரும்பும் நாட்டுப்புறத்து எலியைப் பற்றிய ‘தி கண்ட்ரி கசின்’ (1936) குறும்படம் குறித்து, சென்ற இதழின் சிறுவர் பகுதியில் எழுதியிருந்தீர்கள். அதில், குடித்துத் தள்ளாடும் அந்த எலியை ‘டிஸ்னி தம் மந்திரக் கையாலேயே வரைந்தார்’ என்றொரு வரி. வால்ட் டிஸ்னி தம் படங்களுக்குத் தாமே வரைவதை 1920களிலேயே விட்டுவிட்டார் என்பது தாங்கள் அறியாததன்று.

அந்தத் தள்ளாட்டத்தை வரைந்தவர் டிஸ்னி ஸ்டுடியோவின் ஓவியர் ஆர்ட் பாபிட். கடுகுச் சாந்தைத் தின்று வாய் எரிந்த நாட்டுப்புறத்து எலி ஆப்னர் ஷாம்பெயினைக் குடிக்கிறான். குலுங்கும் ஜெல்லியில் தன் முகத்தையே கண்டு குழம்புகிறான். எந்தப் பூனைக்கு அஞ்சி நகரத்து உறவினன் மாண்ட்டி அவனை ‘உஷ்’ என்று அடக்கிக்கொண்டே இருந்தானோ, அதன் பின்புறத்திலேயே கடைசியில் ஓர் உதை விடுகிறான். வசனத்தின் துணையில்லாமல் அத்தனை போதையையும் உடம்பிலேயே காட்டியவரின் பெயர் படத்தில் இல்லை. ஆஸ்கர் விருதும் டிஸ்னியின் பெயருக்கே போயிற்று. 1941இல் அந்த ஸ்டுடியோவில் வேலைநிறுத்தம் நடந்தபோது பாபிட் முன்னணியில் நின்றார். திரையில் பெயர் வராததும் அன்றைய மனக்குறைகளில் ஒன்று.

நான் பதினோரு ஆண்டுகள் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில், அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் குனிந்து, வெளிநாட்டுப் படங்களுக்கு இடைச்சித்திரங்கள் (ஓர் அசைவின் முக்கிய நிலைகளுக்கு நடுவே வரும் படங்கள்) வரைந்தவன். திரையில் ஒரு விநாடி ஓட ஏறக்குறைய 12 தாள் வேண்டும். நான் வரைந்த தொடர் தொலைக்காட்சியில் வந்த அன்று வீட்டாரையெல்லாம் உட்காரவைத்துக் கடைசி எழுத்துவரை காத்திருந்தேன். முதலாளியின் பெயர் வந்தது. ‘உங்க பேர் எங்கேப்பா?’ என்று கேட்ட மகளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதுவதற்கில்லை.

முன்பொருமுறை மிக்கி மவுஸையும் டிஸ்னியே வரைந்ததாக எழுதியிருந்தீர்கள். தொடக்கக் காலப் படங்களில் அதை வரைந்தவர் அப் ஐவர்க்ஸ் என்று விளக்கிக் கடிதம் அனுப்பினேன். அது வரவில்லை, தங்கள் இதழின் தாள் வழவழப்பாக இருப்பதைப் பாராட்டிய கடிதம் வந்தது. இம்முறை கட்டுரையோடு அச்சிட்ட படத்தில் இருப்பதோ, எம்.ஜி.எம். நிறுவனத்தின் 1945ஆம் ஆண்டுப் படமான ‘மவுஸ் இன் மன்ஹாட்டன்’ ஜெர்ரி. அவனும் மாநகரம் போய் அல்லல்பட்டு ஊர் திரும்பியவன்தான். எலிக்கு எலி சரியாகப் போயிற்று என்று விட்டுவிட்டீர்கள் போலும்.

அடுத்த இதழில் ‘ஆர்ட் பாபிட்’ என்று ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அதையாவது எழுத்துப்பிழை இல்லாமல் வெளியிட்டால் மிகவும் கடமைப்பட்டவனாவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மேற்கு மாம்பலம், சென்னை.