எங்கள் பேக்கிங் மெஷின் பட்டறையை வளர்த்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இந்த ஆயுத பூஜை அன்று அப்பா பட்டறைப் பொறுப்பைத் தம்பியிடமும் என்னிடமும் ஒப்படைக்கிறார். 1984-ல் கோவை கணபதியில், வாடகைக் கொட்டகையில், ஒரு பழைய லேத்தோடு தொடங்கிய தொழில். விழா மலருக்காக அதன் கதையை எழுத உட்கார்ந்தால், எங்கள் வீட்டு ஆட்களைவிட வெளியாட்கள்தான் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். அந்தக் கடனை ஊரறியச் சொல்லவே இந்த மடல். பேர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பேரையும் எழுதவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்பா மில்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். பாக்கெட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. அது வேறு காலம். ஷாம்பூவையும் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்கலாம் என்று கடலூர் சின்னி கிருஷ்ணன் காட்டிவிட்டிருந்தார். 1983-ல் அவர் மகன் சி.கே. ரங்கநாதன் சிக் ஷாம்பூவோடு வந்தார். மளிகைக் கடை வாசலெல்லாம் பாக்கெட் சரம் தொங்க ஆரம்பித்தது. ஊறுகாய், மசாலா, பாக்குத்தூள் என்று ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. அப்போதுதான் ஈரோட்டிலிருந்து ஒரு மஞ்சள்தூள் வியாபாரி அப்பாவைத் தேடி வந்தார். அவர் கடையில் பெண்கள் மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு பாலிதீன் பையின் வாயை அதில் காட்டி ஒட்டுவார்களாம். “விரலெல்லாம் வெந்து கெடக்குதுங்க, ஒரு மெஷின் செஞ்சு குடுங்க” என்று கேட்டார். அப்பா அதுவரை அப்படி ஒரு மெஷினைச் செய்ததில்லை என்று தெரிந்தும் முன்பணத்தைக் கையில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் முதல் நன்றி அவருக்கு.

அடுத்து காலர் ஐயாவுக்கு. பாக்கெட் ஆகப்போகும் பிளாஸ்டிக் பிலிம் சுருளிலிருந்து தட்டையாக வரும். காலர் என்ற வளைந்த தகட்டின் தோள்மேல் ஏறி, குழாயைச் சுற்றி இறங்கும்போது அதுவே உறையாகிவிடும். நெடுக ஒரு சீல், அடியில் ஒரு சீல், தூள் விழும், மேலே சீல், வெட்டு. வாயால் சொல்ல இவ்வளவுதான். காலரின் வளைவு மயிரிழை பிசகினாலும் பிலிம் ஒரு பக்கமாக இழுத்துச் சுருங்கிவிடும். படம் போட்டுச் செய்த காலர்கள் வரிசையாகத் தோற்றபோது, ஆவாரம்பாளையத்தில் தகர வேலை செய்துகொண்டிருந்த நீங்கள் வந்து தகட்டைக் கையாலேயே தட்டி வளைத்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விளிம்போடு கட்டைவிரலை ஓட்டுவீர்கள். “இங்கதான் தடுக்குது அம்மிணி, தொட்டுப் பாரு” என்று பள்ளிக்கூடப் பிள்ளையான என் விரலைப் பிடித்து அங்கே வைப்பீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் தொட்ட எமரித் தாளால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடியும் தொடச் சொல்வீர்கள். அங்கே முன்பு ஒரு சொரசொரப்பு இருந்தது என்பது அப்போதுதான் உறைக்கும். இன்று காலரைக் கம்ப்யூட்டரில் வரைகிறோம். கடைசி மெருகு மட்டும் நீங்கள் பழக்கிவிட்ட பையன்களின் கையில்தான் நடக்கிறது, ஐயா.

கரூர் மசாலா அக்கா, உங்களைப் பற்றி அப்பா பேசாத நாள் குறைவு. மிளகாய்த்தூள் ஒரு மாதிரி விழும், மஞ்சள்தூள் ஒரு மாதிரி விழும். காற்றில் ஈரம் இருந்தால் இரண்டுமே தூளை அளந்து தள்ளும் ஆகர் திருகில் அப்பிக்கொண்டு எடை ஆடும். அரசு விதிகளே 100 கிராம் பாக்கெட் ஒன்றில் 4.5 கிராம் வரை பிழையைப் பொறுத்துக்கொள்கின்றன. நீங்கள் இரண்டு கிராம் குறைகிறதென்று மெஷினையே லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினீர்கள். “வாங்கறவங்க கூலிக்காரங்க. அந்த ரெண்டு கிராம் அவங்க காசு” என்று போனில் சொன்னீர்கள். அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் கோபம்தான். ஆனால் தூள் கட்டாமல் கிளறிக்கொண்டே இருக்கும் துடுப்பையும், திருகு நின்ற பிறகும் உதிரும் தூளைத் தடுக்கும் மூடியையும் அந்தக் கோபத்தில்தான் செய்தோம். எங்கள் மெஷினுக்கு ஒரு பேர் இருக்கிறதென்றால் அது நீங்கள் திருப்பி அனுப்பிய மெஷினால் வந்தது.

2012 மின்வெட்டைக் கோவையில் பட்டறை வைத்திருந்த யாரும் மறக்கமாட்டார்கள். பல நாள் பாதிப் பொழுதுக்கு மேல் கரண்ட் இருக்காது. வந்த நேரத்தில் லேத்தை ஓட்டியாக வேண்டும், அது நள்ளிரவாக இருந்தாலும் சரி. டர்னர் அண்ணன்களும் ஃபிட்டர் தம்பிகளும் பட்டறையிலேயே பாய் விரித்துப் படுத்தீர்கள். பல்பு எரிந்ததும் யாரும் யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. வார்ப்புக்கான பணத்தை அந்த வருஷம் முழுக்கக் கேட்காமலிருந்த ஃபவுண்டரிக்கார மாமாவையும், தன் வேலையை நிறுத்திவிட்டு எங்களுக்கு ஜெனரேட்டர் லைன் கொடுத்த பக்கத்துப் பட்டறைக்காரரையும் எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

பிலிமைக் கவ்வி ஒட்டும் ஜாவின் சூடு, அழுத்தம், பிடித்திருக்கும் நேரம் மூன்றும் சேர்ந்ததுதான் சீல் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டிய ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் வாத்தியாருக்கும், பிலிமில் வெட்டும் இடத்தை மெஷினுக்குக் காட்டும் ஐ மார்க் தள்ளிப்போனால் சிவகாசியிலிருந்து பஸ் ஏறி வந்து எங்களோடு நின்று பார்த்த பிரிண்டிங் அண்ணாச்சிக்கும் வணக்கம். சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பல தலை எடை மெஷின் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது நாங்கள் மிரண்டோம். ஜப்பானில் இஷிடா நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த முறை அது. பல தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்து நிற்கும் சிப்ஸில், எந்தெந்தத் தட்டைச் சேர்த்தால் எடை சரியாக வரும் என்று மெஷினே கணக்குப் போட்டுத் திறந்துவிடும். அந்தக் கணக்கை எங்கள் கண்ட்ரோல் பேனலில் எழுதி ஓட்டிக் காட்டிய இரண்டு பெண் இன்ஜினியர்களுக்குத் தம்பி தனியாக நன்றி சொல்லச் சொன்னான். ஹீட்டரும், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளும் பையில் போட்டுக்கொண்டு தீபாவளிக்கு முந்தின ராத்திரிகூட வாடிக்கையாளர் ஊருக்குப் போன சர்வீஸ் தம்பிகளே, உங்களிடமும் உங்கள் வீட்டாரிடமும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

அம்மாவைக் கடைசியில் எழுதுவது அவர் சொன்னதால். சனிக்கிழமை சம்பளம் தள்ளிப்போகக் கூடாது என்று சிவப்பு அட்டை நோட்டில் வரவு செலவைக் கட்டிக் காத்தவர். அப்பா மெஷினைப் பார்த்தார், அம்மா ஆட்களைப் பார்த்தார்.

ஆயுத பூஜை அன்று காலை பத்து மணிக்குப் பட்டறையில் பூஜை, அதன்பின் சாப்பாடு. குடும்பத்தோடு வாருங்கள். ஈரோட்டு ஐயாவுக்குக் கொடுத்த முதல் மெஷினை அவர் மகன் கொண்டுவருகிறார், அதற்கும் பொட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
பட்டறைக் குடும்பத்தின் சார்பில்,
மூத்த மகள்