நுவரெலியாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலைகளின் மதிப்புக்குரிய அதிபர்களுக்கும், கல்விச் சுற்றுலாவுக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையிலும், பதினொரு தடவை மாணவரோடு நுவரெலியாவுக்குப் போய்வந்தவள் என்ற முறையிலும் இந்த மடலை எழுதுகிறேன். அந்தப் பதினொன்றில் எட்டுப் பயணங்களை என்னால் இன்று ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரவு பத்து மணிக்குப் பஸ் புறப்படும். பாட்டும் கூத்தும் நள்ளிரவில் அடங்கும். விடியற்காலையில் நடுங்கிக்கொண்டு ஹக்கல பூங்கா, பிறகு சீதையம்மன் கோயில், மதியம் கிரகரி வாவியில் படகுக்கு வரிசை, விக்டோரியா பூங்காவில் குழுப்படம், ஸ்ட்ரோபெரி, தேயிலைப் பொதி, மீண்டும் இரவுப் பயணம். பிள்ளைகள் பார்த்தது பாதி, தூங்கியது பாதி. இந்தப் பட்டியலைத் தட்டச்சுச் செய்து வலயக் கல்விப் பணிமனைக்கு அனுமதிக்காக அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி என்பதால், குற்றம் சொல்லும் உரிமையோடு அல்ல, குற்றத்தில் பங்குடனேயே பேசுகிறேன்.

ஒரு பயணத்தில் ஹக்கலைக்கு அருகே வீதியோரத்தில் கரட்டும் லீக்ஸும் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் பத்தாந்தரப் பிள்ளை ஒருத்தி, "அக்கா, நீங்களும் தமிழா?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்தபடி, "ஆமா பாப்பா, நாங்க தோட்டத்து ஆளுங்க" என்றார். பஸ்ஸில் ஏறியதும் அவள் என் பக்கம் திரும்பி, இங்கே தமிழர் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் ஏன் டீச்சர் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டாள். பெருந்தோட்டப் பயிர்ச்செய்கை என்ற பாடத்தை நான் அவளுக்கு இரண்டு ஆண்டுகள் கற்பித்திருந்தேன். ஏற்றுமதி, உயரம், மழைவீழ்ச்சி எல்லாம் சொல்லியிருந்தேன். கொழுந்து பறிப்பவர் யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன்.

என் வேண்டுகோள் இதுதான்: நுவரெலியாவுக்கு ஒரு பகலை அல்ல, இரண்டு பகலையும் இடையில் ஓர் இரவையும் ஒதுக்குங்கள், இடங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள், மிஞ்சும் நேரத்தில் பிள்ளைகளை அந்த ஊரில் நடக்க விடுங்கள்.

பயணம் நுவரெலியாவில் தொடங்குவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங்கலடியில் கறுத்தப்பாலத்தைத் தாண்டிப் போகும் பதுளை வீதி, ஏ5 என்ற பெயரில் கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை வழியாக நேராக நுவரெலியா நகருக்குள் நுழைந்து, அங்கிருந்து பேராதனை வரை செல்கிறது. எங்கள் வீட்டு வாசல் வீதியே அந்த மலைநகரின் பிரதான வீதியாகவும் இருக்கிறது என்பதை அறியாமலே எத்தனையோ பிள்ளைகள் அதில் இரவில் உறங்கியபடி கடந்து போயிருக்கிறார்கள். போர்க்காலத்தில் போகத் துணியாத அந்தப் பாதையை இன்று பகலில் பார்க்க முடிகிறதென்றால், பார்க்கத்தானே வேண்டும்? அதிகாலையில் புறப்பட்டு, ஒரு சாதாரண வெப்பமானியை ஒரு மாணவனின் கையில் கொடுத்து, செங்கலடியிலும் பிபிலையிலும் பதுளையிலும் வெலிமடையிலும் அளவெடுக்கச் சொல்லுங்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்ற விதியை, 1,868 மீற்றர் உயரத்து நகரில் இறங்கும்போது அவன் தன் பற்கள் நடுங்கும் ஓசையிலேயே சரிபார்த்துக்கொள்வான்.

இனி நகரம். நுவரெலியா ஒரு விசித்திரமான ஊர். வெப்ப நாட்டில் வாழ வந்த ஆங்கிலேயர் தம் ஊரை மறக்க முடியாமல் கட்டிவைத்த ஊர். 1848இல் சாமுவேல் பேக்கர் என்பவர் கால்நடை, விதை, வேலையாட்கள் சகிதம் இங்கிலாந்திலிருந்து வந்து, இந்த மலைமேல் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உருவாக்க முயன்றார். பிற்காலத்தில் ஆபிரிக்காவில் அல்பேட் ஏரியைக் கண்ட அதே பேக்கர்தான். இன்று நாம் சந்தையில் 'மலைநாட்டு மரக்கறி' என்று வாங்குபவற்றின் கதை அவரைப் போன்றோரின் தோட்டங்களோடு தொடர்புடையது. 1876இல் தொடங்கிய ஹில் கிளப், இரவு உணவுக்குக் கோட்டும் டையும் அணியும் மரபை அண்மைக்காலம் வரை விடாப்பிடியாகக் காத்தது. பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், காலனித்துவம் என்ற சொல்லுக்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வகுப்பில் கொடுத்ததில்லை.

நகர நடுவில் 1894இல் கட்டப்பட்ட செங்கல் தபாலகம் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு நிற்கிறது. பெரும்பாலான சுற்றுலாக்களில் அது படம் எடுக்கும் பின்னணி மட்டுமே. அதை ஹோட்டலாக மாற்றக் கொடுக்கும் யோசனையை எதிர்த்து 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதை வாசலில் நின்றே சொல்லிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் உள்ளே அனுப்பி, முத்திரை வாங்கித் தன் வீட்டுக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய பின் தன் கையெழுத்தைத் தபால்காரர் கொண்டுவந்து தருவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, படகுச் சவாரி மறந்தாலும் அது மறக்காது. செலவும் படகை விடக் குறைவு.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய பழைய கல்லறைகளுக்கிடையே மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் கல்லறை இருக்கிறது. பதுளையில் அரச அதிகாரியாக இருந்த இவர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்று ஊரார் சொல்லும் கதையை நான் சாட்சியாக ஏற்கவில்லை. ஆனால், வேளாண்மைக்குள் யானை இறங்குவதையும் வேலி உடைவதையும் கேட்டுக் கேட்டு வளரும் படுவான்கரை, அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை, பிள்ளைகளோடு அந்தக் கல்லின் முன் நின்று பேச ஏராளம் இருக்கிறது. மைதான நிருவாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

கிரகரி வாவியை முற்றாக விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அதன் கரையில் நின்று ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் படகேறுங்கள்: இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? ஆளுநர் கிரகரியின் காலத்தில், 1870களில், அணைகட்டி உருவாக்கிய இந்த வாவியின் நீர் நானுஓயாவாக இறங்கிக் கொத்மலையில் சேர்ந்து மகாவலியாகிறது. அதில் ஒரு பங்கு பொல்கொல்லையில் வடக்கே திருப்பப்பட, எஞ்சியது விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை நீர்த்தேக்கங்களைக் கடந்து மினிப்பேயை அடைகிறது. அங்கிருந்து கால்வாய் வழியே உல்ஹிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்களுக்கும், மலையைக் குடைந்த சுரங்கம் வழியே மாதுறு ஓயாவுக்கும் ஒரு பகுதி வருகிறது. மாதுறு ஓயா கடலைத் தேடி வருவது எங்கள் வாழைச்சேனைப் பக்கத்துக்கு. மகாவலியின் இன்னொரு கிளையான வெருகல் ஆறோ எங்கள் மாவட்டத்தின் வடக்கு எல்லை. ஹக்கலைச் சரிவின் மழையும் உமா ஓயாவாகி அதே மகாவலியில்தான் விழுகிறது. ஓட்டமாவடிப் பாலத்தைத் தினமும் கடக்கும் பிள்ளை, தன் ஊர் ஆற்றோடு உறவுள்ள வாவியில் வாத்துப் படகு மிதித்துவிட்டு, அது தெரியாமலே திரும்பி வருகிறான்.

காற்றுக்கும் அப்படித்தான். ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் தொண்டையை வறளச் செய்யும் கச்சான் காற்று, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஈரத்தை எல்லாம் கொட்டிவிட்டு, கீழே இறங்கும்போது சூடேறி வருவது. நுவரெலியா நகரில் தூறல் விழுந்துகொண்டிருக்க, ஹக்கலையைக் கடந்து வெலிமடைப் பக்கம் இறங்கியதும் வெயில் அடிப்பதை அந்தப் பருவத்தில் போனால் அரை மணி நேரத்துக்குள் காணலாம். மழை ஒதுக்கு என்பதைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்தேன்! பஸ்ஸை ஒரு தடவை நிறுத்தியிருந்தால் போதுமாயிருந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது மக்கள். நகருக்கு அண்மையிலுள்ள பீட்று போன்ற தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போங்கள். ஆனால் விற்பனைக் கூடத்தோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்து வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டு, உலர்த்திச் சலிக்கப்படுவதையும், ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலையே கிடைப்பதையும் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். அந்த நாலரைக் கிலோவைச் செங்குத்தான சரிவில் சுமந்தவரின் முன்னோர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்து தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்தவர்கள் என்பதும், 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்டவர்கள் என்பதும், 1964இல் இலங்கை, இந்திய அரசுகள் அவர்களைப் பங்கிட்டுக்கொண்டன என்பதும், 2003இல் வந்த சட்டத்தோடுதான் நாடற்ற நிலை பெரும்பாலும் முடிந்தது என்பதும் அதே நாளில் சொல்லப்பட வேண்டும். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களுக்குப் பின் வடக்குக்கும் கிழக்குக்கும் பெயர்ந்து வந்த மலையகக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பறையிலேயே இருக்கலாம்; அவர்கள் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்பது என் அனுபவம்.

ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன்: தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களைப் பார்க்கப் போவதென்றால் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்து போவது அல்ல. மிருகக்காட்சிச் சாலைக்குப் போவதுபோல் ஒருவர் வீட்டு வாசலுக்குப் போகக்கூடாது. அங்குள்ள ஒரு தமிழ்ப் பாடசாலைக்கு ஒரு மாதம் முன்னரே எழுதி, அதிபரோடு பேசி, ஒரு பிற்பகலை இரு பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து கழிக்க ஒழுங்கு செய்யுங்கள். நம்மிடம் வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் உண்டு; அவர்களிடம் காமன் கூத்து உண்டு. மத்தளத்தையும் சலங்கையையும் பஸ்ஸில் ஏற்றிச் சென்றால், பாடசாலை மண்டபத்தில் தங்குவதற்கான பேச்சும் அதோடு சேர்ந்தே நடந்துவிடும். அடுத்த தவணையில் அவர்களைக் கல்லடிக் கடற்கரைக்கு அழைக்க மறவாதீர்கள்; விருந்து ஒருபக்கமாக இருக்கக்கூடாது.

செலவு கூடும் என்பீர்கள். இரண்டு இரவுப் பயணங்களுக்குப் பதிலாக ஒரு தங்கல், நுழைவுச்சீட்டு வாங்கும் இடங்களில் பாதி, ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பதில் சமைத்த சாப்பாடு என்று கணக்குப் போட்டால் வித்தியாசம் அவ்வளவாக வராது. பெண்பிள்ளைகளைத் தங்க விடப் பெற்றோர் தயங்குவார்கள் என்பது உண்மையான தடை; தாய்மார் நால்வரைக் கூடவே அழைத்துப் போவதைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் மட்டும் போகாதீர்கள்: குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் கூட்டமும் சேர்ந்து விலையை ஏற்றிவிடும், நடக்கவும் இடமிருக்காது. மாசி, பங்குனி நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் தயங்காமல் ஒத்திவையுங்கள். ஓட்டுநருக்கு ஓர் இரவு முழுத் தூக்கம் கிடைக்காத எந்தத் திட்டத்துக்கும் கையொப்பமிடாதீர்கள்; ஒரு தடவை பதுளைக்குக் கீழே ஒரு வளைவில் எங்கள் ஓட்டுநரின் தலை சாய்ந்ததையும், முன் இருக்கையிலிருந்து நான் கத்தியதையும் இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை.

அடுத்த சுற்றுலாத் திட்டத்தை அனுமதிக்கு அனுப்பும் முன், ஒரேயொரு பாடசாலையாவது இதைச் சோதித்துப் பார்க்க முன்வந்தால், வழித்தடத்தையும் நேர ஒழுங்கையும் பிள்ளைகளுக்கான கேள்வித்தாளையும் நானே எழுதித் தருகிறேன். கறுத்தப்பாலத்தில் பஸ்ஸை நிறுத்தினால் ஏறிக்கொள்வேன். ஸ்வெட்டர் இன்னும் இருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
செங்கலடி.