மேல்வீட்டு நாற்காலிகள்

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்குக் கோயம்புத்தூரில் ஃபிளாட் பார்ப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். கூடவே, "மேல்வீட்டுச் சத்தத்துக்காக சீலிங் போட்டாயாமே, பலன் உண்டா?" என்றும் கேட்டிருந்தாய். பாதி உண்டு, பாதி இல்லை.

இங்கே வேளச்சேரியில் எங்கள் தலைக்கு மேலே ஒரு குடும்பம். ராத்திரி பத்தரைக்குத்தான் சாப்பாடு. நாலு நாற்காலியும் ஒவ்வொன்றாக இழுபடும். கண்ணை மூடிக்கொண்டே எது யாருடைய நாற்காலி என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். இரவு பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. ஆனால் நாற்காலி இழுத்ததற்கு யாராவது போலீசுக்குப் போவார்களா?

முதலில் சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்ச் ஷீட்டை வாங்க இருந்தேன். நல்லவேளை, வாங்கவில்லை. அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, வெளிச்சத்தத்தை மறிக்காது. அதனால் படுக்கையறைக்கு மட்டும் ஃபால்ஸ் சீலிங். கான்கிரீட்டிலிருந்து ரப்பர் வைத்த கொக்கிகளில் கம்பிச் சட்டம், இடைவெளியில் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு), கீழே 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு. மேலடுக்கின் இணைப்புக்கு நேரே கீழடுக்கின் இணைப்பு வரக்கூடாது. ஒன்பதரை அடி அறையில் ஏழு அங்குலம் போயிற்று. ராக்வூல் வேலை முடிந்தபின் இரண்டு நாள் எனக்குக் கை அரிப்பு.

பக்கத்திலேயே நின்று பார்த்தது நல்லதாகப் போயிற்று. சட்டம் லேசாக ஆடுகிறதே என்று வேலைக்காரத் தம்பி ஓர் இடத்தில் அதை பீமோடு நேராக முடுக்கிவிட்டார். அப்படி ஒரு திருகாணி போதும், அதிர்வு அதன் வழியே இறங்கிவிடும். கழற்றச் சொன்னேன். ஃபேன் ராடும் அப்படித்தான். போர்டில் உரசாமல் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக விட்டு, நெகிழும் பசையால் அடைத்தோம். ராடையும் நீளமாக மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, பலன்? அவர்கள் டிவியும் பேச்சும் நன்றாக அடங்கிவிட்டன. அவை காற்று வழியே வருகிறவை. நாற்காலியும் குதிகாலும் கான்கிரீட்டையே தட்டுகின்றன. தளம், தூண், சுவர் எல்லாம் சேர்ந்து அதிர்கிறது. மேலேயிருந்து வருவதை சீலிங் தடுக்கும், சுவர் வழியாக இறங்குவதை அது என்ன செய்யும்? கரகரப்பு குறைந்ததே ஒழிய நிற்கவில்லை.

அப்புறம்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒரு டப்பா முறுக்கோடு மேலே போனேன். அந்தப் பெண் சொன்னதைக் கேள்: "அங்கிள், எங்களுக்கும் மேல்வீட்டில் பந்து தட்டுகிறார்கள்." நான் இரண்டு வருஷமாக இவர்கள் பையனைத் திட்டிக்கொண்டிருந்த அதே பந்து! இரண்டு மாடி தாண்டித் தூண் வழியே என் தலைமாட்டுக்கு வந்திருக்கிறது. பாவம், அந்தப் பையன் பந்தையே தொடுவதில்லையாம், செஸ் ஆடுகிறானாம்.

நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் வாங்கிக் கொடுத்தேன், மேசைக்கு அடியில் ஒரு தடிமனான விரிப்பும் போட்டுக்கொண்டார்கள். சீலிங்குக்கு நான் கொட்டிய பணத்தை உனக்குச் சொல்ல மாட்டேன், சிரிப்பாய். புஷ்ஷுக்கு ஆன செலவு இருநூறு ரூபாய்க்கும் கீழே. அன்று ராத்திரி பத்தரைக்குக் காத்துக்கொண்டு படுத்திருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

மகளிடம் கடைசி மாடியாகப் பார்க்கச் சொல். சித்திரையில் மொட்டை மாடி கொதிக்கும், அது வேறு கதை. வேறு மாடிதான் அமைகிறதென்றால், முன்பணம் கொடுக்குமுன் ஒரு நாள் ராத்திரி போய் அரைமணி நேரம் அங்கே சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு வருவாயா? போன வாரத்திலிருந்து மூன்றாவது நாற்காலி மறுபடி கீறுகிறது, புஷ் தேய்ந்திருக்கும். புதிதாக ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்கு மேலே போக வேண்டும்.

அன்புடன்,
ராமு