'அங்கத்தினர்' பிழையான சொல்லா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் இங்கு நடந்த கூட்டமொன்றில் முதியவர் ஒருவர் 'சட்டசபை அங்கத்தினர்' என்று சொன்னபோது, இளைஞர் சிலர் அது தவறான சொல் எனத் திருத்தினர். அது வழக்கொழிந்து வருகிறதே தவிரப் பிழையன்று. 'அங்கம்' என்னும் வடசொல்லுக்கும் 'உறுப்பு' என்னும் தமிழ்ச்சொல்லுக்கும் உடலின் பகுதி என்பது பொருளாதலின், 'அங்கத்தினர்' என்றாலும் இன்று நாம் எழுதும் 'உறுப்பினர்' என்றாலும், அவை என்னும் உடலுக்குக் கையும் காலும் போன்றவர் என்றே கொள்ளலாம். (தலை யார் என்பதில்தான் கட்சிகளுக்குள் சண்டை.) உறுப்பினரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'அஹ்லி'யோ அரபு வழி வந்தது, குடும்பத்தார், ஓரிடத்தைச் சார்ந்தோர் என்பது அதன் மூலப்பொருள்.

செய்திகளில் 'உறுப்பினர்' என்றே எழுதுவது எனக்கும் உடன்பாடுதான். ஆயினும், பினாங்குச் சட்டமன்றத்தின் 40 பேரையும் மலேசிய நாடாளுமன்ற மக்களவையின் 222 பேரையும் வேறுபடுத்தாமல் வெறுமனே 'உறுப்பினர்' என்று தலைப்பிடுவதும், மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கும் 26 பேரும் மாமன்னர் நியமிக்கும் 44 பேரும் அமரும் மேலவையினரை 'மக்கள் தேர்ந்தெடுத்தவர்' என்பதும் வாசகரைக் குழப்புகின்றன. இவ்விரண்டையும் தங்கள் நாளிதழ் தவிர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு